பேசாத சாட்சி

ஒவ்வொரு பங்கு இல்லத்திலும் பூட்டிய அலமாரி ஒன்று உண்டு. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் முதலிய பதிவேடுகள் அதற்குள் காக்கப்படுகின்றன. மணமகன் பெயர், மணமகள் பெயர், பெற்றோர் பெயர்கள், சாட்சிகள் இருவர், குருவின் கையொப்பம், நாள். ஒரு திருமணத்தைப் பற்றி அந்த ஏடு நமக்குச் சொல்வது அவ்வளவே. விருந்து முடிந்து, உறவினர் கலைந்து, வீட்டுக் கதவு சாத்தப்பட்ட பின் என்ன நடந்தது என்பதை எழுத அதில் கட்டம் கிடையாது.

இந்த எண்ணத்தை நம்முள் எழுப்பியது இறையியல் நூல் ஒன்றன்று. ஒரு மர்ம நாவல். குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில் மர்ம நாவல் என்றால் தொடர்வண்டிப் பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவரத்தக்கது என்றே எண்ணியிருந்தோம். ஆண்டுகள் பல கழித்து, ஆங்கிலேயரான வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி உமன் இன் ஒயிட்’, அதாவது ‘வெள்ளுடைப் பெண்’ என்னும் நாவலைப் படித்தபோது, அதை அவ்வாறு விட்டுவர முடியவில்லை. கொடுமையான மணவாழ்வில் சிக்கிய ஒரு பெண் எவ்வாறு உயிர் தப்பினாள் என்பதே அதன் கதை. அக்கதைக்குப் பின்னால் ஒரு நாட்டின் சட்டமும், உண்மையில் வாழ்ந்த பெண்கள் சிலரின் கண்ணீரும் நின்றன. அவ்வரலாற்றை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாவல் வந்த வரலாறு

காலின்ஸ் 1824ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் ஓவியரின் மகனாகப் பிறந்தார். சட்டம் பயின்று 1851இல் வழக்குரைஞராகத் தகுதி பெற்றார், ஆனால் வழக்காடவில்லை. கற்ற சட்டத்தை எல்லாம் கதையில் செலவிட்டார். அவருடைய தனி வாழ்வு நாம் பின்பற்றத்தக்கது என்று சொல்ல இயலாது. மணம் செய்யாமலே இரு குடும்பங்கள் நடத்தியவர் அவர். எனினும் மணமான பெண்ணைச் சட்டம் எந்த நிலையில் வைத்திருந்தது என்பதை அவரைப்போல் கூர்ந்து கண்டவர் அக்காலத்தில் சிலரே.

அவருடைய நண்பர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ என்னும் வார இதழில் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்ட் வரை இந்நாவல் தொடராக வந்தது. அடுத்த வாரம் என்ன நேருமோ என்று நாடே காத்திருந்தது. அதன் பெயரால் வாசனைத் திரவியமும் மேலங்கியும் தொப்பியும் விற்பனைக்கு வந்தன. நடன இசையும் அமைக்கப்பட்டது. வாசகரின் நெஞ்சு படபடக்க எழுதப்படும் நாவல் வகை ஒன்று இதனோடு தொடங்கியது என்பர் இலக்கிய வரலாற்றாசிரியர்.

கதையின் சுருக்கம் இது. லாரா என்னும் செல்வக் குடும்பத்துப் பெண்ணைச் சர் பெர்சிவல் கிளைட் என்பவருக்கு மணம் பேசியிருந்தார் அவளுடைய தந்தை, தம் மரணப் படுக்கையில். லாராவின் உள்ளமோ தனக்கு ஓவியம் கற்பித்த வால்டரிடம் இருந்தது. அதை ஒளிக்காமல் பெர்சிவலிடமே சொல்லி, தன்னை விடுவிக்கும்படி வேண்டினாள். அவர் விடுவிக்கவில்லை. அவருக்கு வேண்டியது அவளுடைய 20,000 பவுண்டு. மகப்பேறின்றி அவள் இறந்தால் அத்தொகை முழுவதும் கணவரைச் சேரும் என்று மணவொப்பந்தத்தில் எழுதச் சொன்னார். குடும்ப வழக்குரைஞர் எச்சரித்தார். காப்பாளராயிருந்த சிற்றப்பாவோ தம் அமைதி கெட வேண்டாம் என்பதற்காக ஒப்புக்கொண்டார்.

மணம் முடிந்தது. ஒரு நாள் மடித்த பத்திரம் ஒன்றை நீட்டிக் கையொப்பம் கேட்டார் கணவர். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க விடவில்லை. லாரா மறுத்தாள். பின்னர் அவள் கையில் கன்றிய காயங்கள் தோன்றின. அறைக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. பெர்சிவலும் அவருடைய நண்பர் கவுண்ட் ஃபாஸ்கோவும் சேர்ந்து இறுதியாகச் செய்த சதி இதனினும் கொடிது. லாராவின் சாயலை உடைய ஆன் கேதரிக் என்னும் எளிய பெண் ஒருத்தி, தனியார் மனநல விடுதியிலிருந்து தப்பி வெள்ளுடையில் அலைந்துகொண்டிருந்தாள். அவள் நோயால் இறந்ததும், இறந்தவள் லாரா என்று பதிந்து அடக்கம் செய்தனர். உயிரோடிருந்த லாராவை ஆன் கேதரிக் என்று சொல்லி அதே விடுதியில் அடைத்தனர். 20,000 பவுண்டு கைமாறியது.

சட்டம் என்ன சொன்னது?

இஃது எழுத்தாளரின் மிகைக் கற்பனை என்று ஒதுக்கிவிடலாகாது. 1765இல் வெளிவரத் தொடங்கிய பிளாக்ஸ்டனின் புகழ்பெற்ற சட்ட விளக்கத்தின்படி, கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். மனைவியின் தனி இருப்பு மணத்தோடு நின்றுவிடுகிறது. இருவரும் ஓருடல் என்ற திருமறைச் சொல்லை உலகச் சட்டம் எவ்வாறு திரித்தது என்பதைக் காண்க. அன்பின் ஒன்றிப்பைக் குறிக்க வந்த சொல், ஒருவர் மற்றவரை விழுங்குவதற்கு உரிமைச் சீட்டாயிற்று. அவள் ஈட்டிய பொருள் அவனுடையது. அவள் பெற்ற பிள்ளைகளும் அவனுடையவர்கள். கணவன் தன் மனைவியை வீட்டில் அடைத்து வைக்கலாம் என்று காக்ரன் என்பாரின் வழக்கில் 1840இல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

கரோலின் நார்ட்டன் என்னும் பெண் எழுத்தாளர் 1836இல் கணவரின் அடிக்கு அஞ்சிப் பிரிந்தபோது, மூன்று ஆண் குழந்தைகளும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டனர். அவர் எழுதிச் சம்பாதித்த பணத்தையும் கணவர் தமதென்றார். அவர் பேனாவை விடவில்லை. அவருடைய போராட்டத்தின் பயனாக, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாய்மார் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்ற சட்டம் 1839இல் பிறந்தது. ஆனால் அவருடைய கடைசி மகன் 1842இல், தாயிடம் வந்து சேருமுன்னரே விபத்தில் இறந்தான்.

மனநல விடுதி பற்றிய பகுதிக்கும் உயிருள்ள சான்று இருந்தது. உறவினர் ஒருவரின் ஆணையும் மருத்துவர் இருவரின் சான்றிதழும் இருந்தால் ஒருவரைத் தனியார் விடுதியில் அடைக்க 1845ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ரோசினா என்பவர், நாவலாசிரியரும் அரசியலாளருமான எட்வர்ட் புல்வர் லிட்டனின் மனைவி. 1827இல் மணம், 1836இல் பிரிவு, பின்னர் பிள்ளைகளும் பறிக்கப்பட்டனர். 1858 ஜூனில் கணவர் குடியேற்ற நாடுகளின் அமைச்சராகித் தேர்தல் மேடையில் நின்றபோது, ரோசினா அங்கே வந்து மக்கள் முன்னிலையில் தமக்கு இழைக்கப்பட்டதைச் சொன்னார். சில நாள்களில் இரு மருத்துவரின் சான்றிதழோடு மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். செய்தித்தாள்கள் குரல் எழுப்பவே ஏறத்தாழ மூன்று வாரங்களில் விடுவிக்கப்பட்டார். காலின்ஸின் தொடர் வெளிவரத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

இந்த ரோசினாவின் தாய் அன்னா வீலரும் குடிகாரக் கணவரிடமிருந்து 1812இல் அயர்லாந்தை விட்டே தப்பியவர். பின்னாளில் பெண்ணுரிமைக்காக எழுதியவர். தாயின் துயரம் மகளையும் விடவில்லை. ரோசினாவின் மகன் ராபர்ட் நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்றவர். தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் மடிந்துகொண்டிருந்தபோது, 1877இல் தில்லியில் தர்பார் நடத்திய அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு அவரே.

பதிவேட்டில் ஒளிந்த தாய்

இனி, பதிவேடு காக்கும் நம்மைப் போன்றவர்களை நிறுத்திவைக்கும் பகுதிக்கு வருவோம். பெர்சிவல் எதற்காக ஆன் கேதரிக்கை விடுதியில் அடைத்தார்? தம் இரகசியம் அவளுக்குத் தெரியும் என்று அஞ்சினார். அந்த இரகசியம் ஒரு சிற்றூர்க் கோவிலின் திருமணப் பதிவேட்டில் இருந்தது. பக்கத்தின் அடியில் மிஞ்சிய சிறு இடத்தில் தம் பெற்றோரின் திருமணத்தைப் பொய்யாக எழுதிச் சேர்த்திருந்தார் அவர். வேறோர் ஊரில் வழக்குரைஞர் ஒருவர் வைத்திருந்த படியில் அதே இடம் வெறுமையாய் இருந்தது. பெற்றோர் மணம் செய்துகொள்ளவே இல்லை. ஆகவே பட்டமும் சொத்தும் அவருக்கு உரியவை அல்ல. இறுதியில் அந்தப் பதிவேட்டை அழிக்கப் போன இடத்தில், திருப்பொருள் அறை தீப்பற்றி, அதற்குள்ளேயே மாண்டார்.

அவருடைய பெற்றோர் ஏன் மணம் செய்துகொள்ளவில்லை? விரைந்து படிப்பவர் தவறவிடக்கூடிய ஓரிரு வரிகளில் காலின்ஸ் விடை தருகிறார். அவருடைய தாய் முன்னரே அயர்லாந்தில் மணமானவர். முதற் கணவன் அவரைக் கொடுமைப்படுத்தி, பின் வேறொருத்தியோடு போய்விட்டான். சட்டப்படி அவருக்கு மீட்பு வழி இல்லை. ஆக, இந்த மர்மம் முழுவதற்கும் வேராய் இருப்பது பெயர் சொல்லப்படாத ஒரு பெண்ணின் கொடிய மணவாழ்வு. ஒரு தலைமுறையில் கேட்பாரின்றிப் புதைக்கப்பட்ட துன்பம் அடுத்த தலைமுறையில் வேறொரு பெண்ணின் கழுத்தை நெரிக்கிறது. மறைத்தது மகனின் குற்றம். மறைக்கும் நிலைக்குத் தள்ளியது யார் குற்றம் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

பேசியவர் யார்?

இந்நாவலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நீதிமன்றத்தில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக ஏறிச் சொல்வதுபோல், கதையைப் பலர் சொல்கின்றனர். வால்டர் சொல்கிறார், வழக்குரைஞர் சொல்கிறார், லாராவின் தாய்வழிச் சகோதரி மரியன் தன் நாட்குறிப்பால் சொல்கிறாள், சிற்றப்பா, வீட்டு மேற்பார்வையாளர், சமையற்காரி, மருத்துவர், ஏன், வில்லனான ஃபாஸ்கோவும் தம் வாக்குமூலத்தைத் தருகிறார். லாராவின் பெயர் பொறித்த கல்லறைக் கல்லின் வாசகமும் ஒரு சாட்சியமாகவே வைக்கப்படுகிறது. அந்தக் கல் பொய் சொல்கிறது.

இத்தனை பேர் பேசும் நாவலில் தன் கதையைத் தானே சொல்லாதவள் ஒருத்தி: லாரா. துன்புற்றவளுக்கு வாக்குமூலம் இல்லை. ஆசிரியர் எண்ணியே இவ்வாறு செய்தாரோ, அவரையும் அறியாமல் அமைந்ததோ, இதுவே அக்காலத்தின் மெய்ப்படம் என்று தோன்றுகிறது. கொடுமைக்கு உட்பட்ட பெண்ணைப் பற்றி ஊரே பேசும். அவள் பேசினால், சித்தம் கலங்கியவள் என்பார்கள். லாரா விடுதியில் தன் உண்மைப் பெயரைச் சொன்னபோது, அதுவே அவள் நோய்க்கு அடையாளம் என்றனர். அடி விழுவதற்கு முன்பே அவளிடமிருந்து பறிக்கப்படுவது அவளுடைய சொல்லின் மதிப்பு. மரியனின் நாட்குறிப்பைக்கூட ஃபாஸ்கோ திருட்டுத்தனமாகப் படித்து, அதன் பக்கத்திலேயே தம் கையால் எழுதிவைக்கிறார். அவருடைய மனைவியோ, ஒரு காலத்தில் பெண்களின் உரிமை பற்றி ஓயாது பேசியவள். இப்போது கணவருக்குச் சிகரெட்டு சுருட்டிக் கொடுத்தபடி வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறாள். காயமே தெரியாத கொடுமையும் உண்டு என்பதற்கு அவளே சான்று.

மீட்பு எவ்வாறு வந்தது? விடுதித் தோட்டத்தில் மரியன் லாராவைக் கண்டாள், உடனே அறிந்தாள், நம்பினாள், செவிலிக்குப் பணம் கொடுத்து அழைத்துச் சென்றாள். சிற்றப்பாவோ நேரில் பார்த்தும் அடையாளம் காணவில்லை. சட்டம் அறிந்தவரோ வழக்கு நிற்காது என்றார். பின்னர் சான்றுகள் தேடப்பட்டன. இறப்புச் சான்றிதழில் இருந்த நாள் ஜூலை 25. லாரா இலண்டனுக்குப் புறப்பட்ட நாளோ ஜூலை 26. அந்த ஒரு நாள் வேறுபாடு சதியை உடைத்தது. ஆனால் சான்றைத் தேட வேண்டும் என்று தோன்றியதற்கே, முதலில் அவளை நம்பிய இருவர் வேண்டியிருந்தனர்.

கடிந்தவர்களும் கேட்டவர்களும்

சமயத் தலைவர்கள் இவ்வகை நாவல்களை வரவேற்கவில்லை. ஆங்கிலிக்கன் குருவும் மெய்யியல் அறிஞருமான ஹென்றி மான்சல் 1863இல் இவற்றைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அதற்கும் முன்னர், 1848இல், குரு ஒருவரின் மகளான ஆன் பிராண்டி, குடிகாரக் கணவனிடமிருந்து தன் மகனோடு தப்பும் பெண்ணைப் பற்றி ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ என்னும் நாவலை எழுதியபோதும் இப்படியே நடந்தது. இத்தகைய இழிவை எழுதலாமா என்று கேட்டனர். இழிவு நிகழ்வதைப் பற்றி அவ்வளவு பேர் கேட்கவில்லை.

சட்டம் மெல்ல அசைந்தது. 1857இல் மணமுறிவு நீதிமன்றம் வந்தது. மனைவியின் பிறழ்வு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ கணவனின் பிறழ்வோடு கொடுமை அல்லது கைவிடுதல் போன்ற மற்றொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அடி மட்டும் போதாது. பிரான்சிஸ் பவர் காப் என்பவர் 1878இல் எழுதிய கட்டுரையின் பயனாக, கொடுந்தாக்குதலுக்குத் தண்டிக்கப்பட்ட கணவனிடமிருந்து பிரிந்து வாழவும் பராமரிப்புத் தொகை பெறவும் அவ்வாண்டே வழி பிறந்தது. 1882இல் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை கிடைத்தது. மனைவியை அடைத்துவைக்கக் கணவனுக்கு உரிமை இல்லை என்ற தீர்ப்பு வந்தது 1891இல்.

அந்த 1857ஆம் ஆண்டின் ஏற்றத்தாழ்வு கப்பலேறி நம்மிடமும் வந்தது. இந்தியக் கிறித்தவர்களுக்கென 1869இல் இயற்றப்பட்ட மணமுறிவுச் சட்டம் அதே அளவுகோலையே கொண்டிருந்தது. இங்கிலாந்து அதனைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆன பின்னும் நம்மிடம் நீடித்தது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் அதைத் தவறென்றது. 2001இல் நாடாளுமன்றம் திருத்தியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் வந்தது. மணமுறிவைத் திருச்சபை ஏற்பதில்லை என்பது வாசகர் அறிந்ததே. இங்கு நாம் காண்பது வேறு. அடிபட்ட பெண்ணின் உடலைவிடக் கணவனின் மானம் பெரிது என்று எழுதிய ஒரு சட்டத்தின்கீழ் நம் வீட்டுப் பெண்கள் நூற்றுமுப்பது ஆண்டுகள் வாழ்ந்தனர்.

நம் பங்கு

திருச்சபையின் சட்டம் இதில் தெளிவானது. துணைவர் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ ஆன்மாவிலோ பெருந்தீங்கு விளைவித்தால், அது பிரிந்து வாழ முறையான காரணம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் சட்டம். ஆயரின் ஆணையோடு பிரியலாம்; தாமதம் ஆபத்தாகுமாயின் தாமாகவே பிரியலாம். 1917ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இதற்கு இடம் இருந்தது. சில வேளைகளில் பிரிவு அறநெறிப்படியே கட்டாயமாகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலில் எழுதினார். நாம் இதைக் குருமடத்தில் படித்தோம், தேர்வும் எழுதினோம். ஆனால் மறையுரை மேடையில் நாம் சொன்னது என்ன? புனித மோனிக்கா பொறுத்தார், நீங்களும் பொறுங்கள் என்பதே. அண்டை வீட்டுப் பெண்களின் முகங்களில் அடியின் தழும்புகள் இருந்ததைப் புனித அகுஸ்தீன் தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மோனிக்காவின் பொறுமையைப் போற்றிய நாம் அந்த முகங்களை மறந்தோம்.

நம் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெண் மாலை வேளையில் பங்கு இல்லத்துக்கு வந்தார். சேலைத் தலைப்பால் கன்னத்தை மறைத்திருந்தார். “சாமி, இனி அந்த வீட்டுக்குப் போக அச்சமாக இருக்கிறது” என்றார். “பொறுமையாக இரு அம்மா, செபி. அவரை ஒரு நாள் அழைத்து வா, பேசுவோம்” என்று அனுப்பினோம். மறுமுறை வந்தபோதும் ஏறத்தாழ அதையே சொன்னோம். மூன்றாம் முறை அவர் வரவில்லை. ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று பிறகு அறிந்தோம். எங்கே, எப்படி இருக்கிறார் என்பது இன்றுவரை தெரியாது. அவருடைய திருமணம் நம் பதிவேட்டில் இருக்கிறது. கையொப்பமும் தெளிவாக இருக்கிறது.

லாராவுக்கு அடைக்கலம் தரும்படி மரியன் எழுதியபோது, கணவர் பின்னாலேயே வந்து சத்தமிடுவாரே என்று அஞ்சி, ‘முதலில் நீ மட்டும் வா, பேசிப் பார்ப்போம்’ என்ற கருத்தில் விடை எழுதுகிறார் அந்தச் சிற்றப்பா. அப்பக்கத்தைப் படித்தபோது நாம் அவரைப் பார்த்து நகைக்கவில்லை. அவருடைய சொற்கள் நமக்குப் பழக்கமானவையாய் இருந்தன.

உயிர்த்த ஆண்டவரைப் பற்றிய செய்தியைக் கல்லறையிலிருந்து கொண்டுவந்தவர்கள் பெண்கள். திருத்தூதர்களோ அதை வெறும் பிதற்றல் என்று எண்ணி நம்பவில்லை என்று லூக்கா எழுதுகிறார். உலகின் மிகப் பெரும் நற்செய்தியே முதலில் நம்பப்படாத பெண்களின் வாயிலிருந்துதான் வந்தது. பேதுரு எழுந்து கல்லறைக்கு ஓடினார். நம்பாதவர் செய்யக்கூடிய குறைந்த அளவு நற்செயல் அது: எழுந்து சென்று பார்ப்பது.

நாவலின் இறுதியில் ஊர் மக்கள் முன்னிலையில் உண்மை வாசிக்கப்படுகிறது. பின்னர் அனைவரும் காண, லாரா இறந்துவிட்டாள் என்று பொறித்திருந்த கல்லறை வாசகத்தை உளி கொண்டு அழிக்கின்றனர். நம் பங்குகளிலும் அத்தகைய கற்கள் உண்டு. ‘அவள் அப்படித்தான்’, ‘அது அவர்கள் வீட்டுக் காரியம்’, ‘பொறுத்துப் போகட்டும்’ என்று நாமே பொறித்தவை அவை. உளி நம் கையில் இருக்கிறது. இன்று மாலை பங்கு இல்லக் கதவு தட்டப்படலாம்.